ஈயக்குட்டைக் கரையில் என்னைக் கொடுத்தார்கள்

ரப்பர் பால் தரும் கித்தா மரங்கள் இலை உதிர்க்கும் மாதத்தில்தான் எங்கள் குடும்பம் ஒன்று சேரும். தை கழிந்து மாசி பிறந்ததும் தோட்டம் முழுக்க மரங்கள் மொட்டையாக நிற்கும். வெயில் தடையில்லாமல் தரைவரைக்கும் இறங்கும். பால் வற்றிப்போவதால் துரை பால்வெட்டைக் குறைத்துவிடுவார். அதில் ஒரு வாரம் மட்டும் விடியுமுன் பெரட்டுக்களத்தில் போய் நின்று பேர் கொடுக்க வேண்டியதில்லை. அப்போதுதான் பெரியம்மாவும் பெரியப்பாவும் பீடோரிலிருந்து ரயிலேறி லகாட்டில் வந்து இறங்குவார்கள். அங்கிருந்து எங்கள் தோட்டம் மூன்று மைல். பெரியப்பா கூலிகளைக் கண்காணிக்கும் மண்டோர் என்பதால் நடக்க மாட்டார். மாட்டுவண்டி பிடித்துத்தான் வருவார்.

வந்த மறுநாளே சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஈயக்குட்டைக்குப் போவோம். தோட்டத்து எல்லையில் சீனர்கள் ஈயம் தோண்டி எடுத்துவிட்டுப் போன பள்ளம் அது. மழை நிரம்பி ஏரி போலக் கிடந்தது. கரையெல்லாம் சர்க்கரை மாதிரி வெள்ளை மணல், நடுப்பகலில் கால் வைக்க முடியாது. தண்ணீர் மேலே வெதுவெதுப்பாகவும் முழங்காலுக்குக் கீழே சில்லென்றும் இருக்கும். அசையாமல் நின்றால் பொடிமீன்கள் வந்து விரலைக் கொறிக்கும். எதிர்க்கரைக்கு அப்பால் ஈப்போ பக்கத்துச் சுண்ணாம்பு மலைகள் தெரியும். அம்மா அங்கேதான் சிரிப்பாள். எங்கள் வரிசைவீட்டு லயத்தில் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

எனக்கு ஏழு வயது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் தொடக்கம் அது. ரப்பர் விலை விழுந்து தோட்டத்தில் கூலியைக் குறைத்திருந்தார்கள். அப்பாவுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. வீட்டில் நானும் நான்கு வயதுத் தங்கையும். பெரியம்மாவுக்குக் கல்யாணமாகிப் பத்து ஆண்டுகளாகியும் பிள்ளை இல்லை.

அந்த முறை நாங்கள் இருவரும் தண்ணீரில் விளையாடிக்கொண்டிருக்க, பெரியவர்கள் நால்வரும் மரத்தடியில் வெகுநேரம் தாழ்ந்த குரலில் பேசினார்கள். பிறகு அம்மா வந்து தங்கையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பெரியம்மாவோடு பீடோருக்குப் போகிறாயா என்று என்னைக் கேட்டாள். ரயிலில் போகலாம், புதுப் பாவாடை கிடைக்கும் என்றாள். நான் குதித்துக்கொண்டு சரி என்றேன். அது எத்தனை நாளைக்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

பீடோரில் வயிறு நிறையச் சோறு கிடைத்தது. பெரியம்மா அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. பத்துப் பதினைந்து நாள் கழித்து, வீட்டுக்கு எப்போது போவோம் என்று கேட்டேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டே இதுதான் வீடு என்றாள். அன்றிலிருந்து அவளை அம்மா என்று கூப்பிடப் பழக்கினாள். சொல்லாவிட்டால் கேட்டது எதுவும் கிடைக்காது. ஒரு நாள் முழுக்க வாய் திறக்காமல் இருந்து பார்த்தேன். அன்றைக்குத் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை. மறுநாள் காலையில் சொல்லிவிட்டேன்.

அடுத்த மாசிக்காக ஓராண்டு காத்திருந்தேன். லகாட்டில் இறங்கி, அந்த முறை வண்டியில் நேரே அங்கேயே போய், ஈயக்குட்டைக் கரையைக் கண்டதும் குதித்து ஓடினேன். அம்மா குந்தி உட்கார்ந்து மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அம்மா என்று கத்திக்கொண்டு அவள் கழுத்தைக் கட்டினேன். அவள் என் கையை விலக்கினாள். என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த தன் அக்காவைப் பார்த்தாள்.

"சித்தின்னு கூப்புடு," என்றாள்.

நான் மறுபடியும் அம்மா என்றேன். மீன் கழுவிய கையாலேயே அறைந்தாள். செதில் என் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. பெரியப்பா கள்ளுப் போத்தலைக் கீழே வைத்துவிட்டு, "போகப் போகப் பழகிரும் லா," என்றார். அப்பா மலைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அன்று மாலை தங்கை என்னிடம் வந்து, இது எங்கம்மா, உங்கம்மா அங்கே இருக்கிறாள் என்று விரல் நீட்டிக் காட்டினாள். அவளுக்கு ஐந்து வயது, யாரோ சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறாள் என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை. அந்த விரலை ஆண்டு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஈயக்குட்டையை நம்ப முடியாது. கரையிலிருந்து பத்தடிக்கு முழங்கால் அளவுதான் இருக்கும். அடுத்த அடியில் தரையே இருக்காது, தோண்டிய இடம் சுவர் போல நேராக இறங்கும். எங்களுக்கு அது தெரியும். அதைத் தாண்டக் கூடாது என்று அப்பா ஒரு மூங்கிலை நட்டு வைத்திருந்தார். எனக்கு ஒன்பது வயதான அந்த மாசியில், தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு மூங்கிலைத் தாண்டிப் போனேன். அங்கே மீன் பெரிதாக இருக்கும் என்று சொல்லித்தான் கூட்டிப்போனேன். விளிம்பு காலுக்குத் தட்டுப்பட்டதும் அவளை முன்னே விட்டுக் கையை விட்டேன்.

விளையாட்டுக்குச் செய்தேன் என்று பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். அவள் தலை உள்ளே போனதைப் பார்த்தேன். தலைமுடி மட்டும் மேலே விரிந்து மிதந்தது. நான் கத்தவில்லை.

அப்பா எப்படியோ பார்த்துவிட்டார். வேட்டியோடு பாய்ந்து அவளை இழுத்து வந்து மணலில் கவிழ்த்துப் போட்டு முதுகில் அடித்தார். வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீர் வந்தது. மூச்சு வந்ததும் தங்கை முதலில் சொன்னது, அக்கா கையை விட்டுவிட்டாள் என்பதுதான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் எழுந்து வந்து என்னை அடிப்பாள் என்று காத்திருந்தேன். முதுகுத் தோல் உரிய அடிக்கட்டும் என்றுகூட ஆசையாக இருந்தது. பெற்றவள்தானே அப்படி அடிப்பாள்.

அம்மா எழவில்லை. தங்கையின் தலையைத் துவட்டிக்கொண்டே தன் அக்காவிடம் சொன்னாள்:

"ஒம் புள்ளைய நீ கண்டிச்சுக்க அக்கா."

பெரியம்மா கண்டித்தாள். லாலான் புல்லை ஒரு கைப்பிடி பிடுங்கி இரண்டு காலிலும் விளாசினாள். கோடு கோடாக ரத்தம் துளிர்த்தது. அதற்குப் பிறகு அந்த வாரம் முழுக்க நான் தண்ணீரில் இறங்கக் கூடாது என்றார்கள். கரையில் உட்கார்ந்து, அப்பா, அம்மா, தங்கை மூவரும் குளிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பதினோரு வயதாகும்போது பெரியம்மாவுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அதோடு வீட்டில் என் இடம் மாறிவிட்டது. நான் அவளை அம்மா என்று கூப்பிட்டால் அவளுக்கே அது ஒரு மாதிரியாக இருந்தது போல, பதில் சொல்வதைக் குறைத்துக்கொண்டாள். தொட்டில் ஆட்டுவது, பீத்துணி அலசுவது, விறகு பொறுக்குவது எல்லாம் என் வேலையாகின. சோறு இருந்தது. ஆனால் எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் எனக்கு.

அந்த ஆண்டு ஈயக்குட்டைக் கரையில் பெரியம்மா பேச்சை எடுத்தாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தேன். எனக்குக் கேட்காது என்று நினைத்தார்கள். தண்ணீர் மேல் பேச்சு எவ்வளவு தூரம் வரும் என்பதைப் பெரியவர்கள் மறந்துவிடுகிறார்கள். பெரியம்மா அம்மாவிடம், எனக்கும் இப்போது ஒரு பிள்ளை ஆகிவிட்டது, இரண்டை வைத்துச் சமாளிக்க முடியவில்லை, நீயே இவளைக் கூட்டிப்போனால் நல்லது என்று சொன்னாள். அப்பா என்னவோ சொல்ல வாயெடுத்தார். அம்மா அவரைப் பேச விடவில்லை. கொடுத்த பிள்ளையைத் திருப்பி வாங்கினால் லயத்தில் என்ன பேசுவார்கள், பெரியவளாகப் போகிறவளை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வோம் என்று கேட்டாள். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "இருக்கட்டும்க்கா. ஒனக்கும் கைக்கு ஒதவியா இருக்கும்ல," என்றாள்.

மாட்டை விலை பேசுகிறவர்கள்கூட எனக்கு வேண்டும் என்றுதான் பேசுவார்கள். இவர்கள் நீ வைத்துக்கொள், நீ வைத்துக்கொள் என்று பேசினார்கள். குழந்தை என் முடியைப் பிடித்து இழுத்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அதன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அதைப் பத்திரமாகக் கரைக்குக் கொண்டுவந்து பெரியம்மா மடியில் கொடுத்தேன். மூங்கில் பக்கம் போகவே இல்லை.

இப்படியெல்லாம் நடந்த இடத்தை நான் வெறுத்திருக்க வேண்டும். வெறுக்கவில்லை. பீடோரில் படுக்கும்போதெல்லாம் அந்த வெள்ளை மணலையும் பொடிமீன்களையும் நினைத்துக்கொண்டுதான் கண் மூடுவேன். ஆண்டில் ஒரு வாரம் அம்மா கண்ணில் படுகிற இடம் அது ஒன்றுதான்.

பதினைந்து வயதில் கல்யாணம் ஆயிற்று. கணவருக்கு ஈப்போ ரயில் கொட்டகையில் கரி அள்ளும் வேலை. அவர் நல்லவர். இதை இங்கேயே சொல்லிவைக்கிறேன். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், என் பக்கத்து மனிதர்கள் யார் வந்தாலும் ஓடிப்போய்க் கோப்பி வாங்கிவருவார். என் கல்யாணத்துக்கு அடுத்த மழையில் அப்பா குளிர்காய்ச்சலில் செத்துப்போனார். தங்கையை அவசரமாகச் சிலிம் ரிவரில் கட்டிக்கொடுத்தார்கள். அதோடு குடும்பம் கூடுவது நின்றுவிட்டது.

பதினேழாம் வயதில் ஒரு மாசி மாதம், மரங்கள் மொட்டையாகி நிற்பதை ஈப்போவிலிருந்தே பார்த்தபோது இருப்புக்கொள்ளவில்லை. கணவரிடம் சொல்லிவிட்டுத் தனியாக லகாட்டுக்கு ரயிலேறினேன். லயத்து வீட்டில் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். விடாத இருமல். இரண்டு மாதமாக வெட்டுக்குப் போகவில்லை, வேலைக்கு வராதவளுக்கு வீடு எதற்கு என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி கேட்டுவிட்டுப் போயிருந்தார். குட்டைக்குப் போகலாமா என்று கேட்டேன். வந்தாள். வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்தாள்.

ஈயக்குட்டை பழையபடி இல்லை. பக்கத்து நிலத்தில், மிதந்தபடியே ஈயம் தோண்டுகிற ஈயக்கப்பல் வந்துவிட்டது. அதன் வாளிகள் மண்ணை அள்ளிக் கொட்டுகிற இரைச்சல் ஓயாமல் கேட்டது. அது கழித்துவிட்ட சேறு குட்டைக்குள் இறங்கி, தண்ணீர் பால் ஊற்றாத தேநீர் நிறத்தில் கிடந்தது. மணலில் இருவரும் உட்கார்ந்தோம். நான் அவளை அம்மா என்றும் கூப்பிடவில்லை, சித்தி என்றும் கூப்பிடவில்லை.

"ஏன் என்னக் குடுத்தீங்க?" என்று கேட்டேன்.

அவள் இருமி முடித்துவிட்டுச் சொன்னாள். "அக்கா ஒன்னயக் கேக்கல. தங்கச்சியத்தான் கேட்டா. சின்னது, சீக்கிரம் மறந்துரும்னா. நாந்தான் மாட்டேன்னுட்டு ஒன்னயக் கொண்டுபோன்னேன்."

ஏன் என்று கேட்டேன். அவள் மறைக்கப் பார்க்கவில்லை. களைத்துப்போனவர்கள் கணக்குப் பார்க்காமல் உண்மை பேசிவிடுகிறார்கள்.

"அவளக் குடுத்தா எனக்குத் தாங்காதுன்னு தெரியும். ஒன்னயக் குடுத்தாத் தாங்கும்னு தோணுச்சு."

"தாங்குச்சா?"

"தாங்குச்சு," என்றாள்.

அதற்குப் பிறகுதான் அவள் தனக்கு வேண்டியதைக் கேட்டாள். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினால் இருமல் நிற்கும் என்கிறார்களாம். சிலிம் ரிவரில் ஆஸ்பத்திரி தூரம், தங்கைக்கும் இப்போது நிறைமாதம். ஒரு மாதம் என் வீட்டில் தங்கினால் போதும், ஒரு மூலையில் கிடந்துகொள்வேன் என்றாள். வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவள் என் முழங்கையைத் தொட்டு, "கேட்டுச் சொல்லு லா. நான் காத்திருக்கேன்," என்றாள்.

நான் கேட்கவில்லை. ரயிலில் திரும்பும்போதே கேட்கப் போவதில்லை என்று தெரிந்துவிட்டது. கேட்டிருந்தால் அவர் அன்றைக்கே லகாட்டுக்குப் போய் அவளைத் தோளில் தாங்கிக் கூட்டிவந்திருப்பார். அதனால்தான் கேட்கவில்லை. அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று அவர் விசாரித்தபோது நன்றாக இருக்கிறார்கள் என்றேன்.

இரண்டு வாரம் கழித்துத் தோட்டத்து ஆள் ஒருவர் வந்து வாசலில் நின்று, அம்மா கேட்கச் சொன்னாள் என்றார். கணவர் வேலைக்குப் போயிருந்தார். அவருக்கு இஷ்டமில்லையாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த ஆள் தலையாட்டிவிட்டுப் போனார். அவருக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

கடைசியில் தங்கைதான் நிறைமாத வயிற்றோடு வந்து அம்மாவைச் சிலிம் ரிவருக்குக் கூட்டிப்போனாள். நான்கு மாதத்தில் அம்மா அங்கே செத்துப்போனாள். எனக்குச் சேதி வந்தபோது புதைத்து மூன்று நாளாகியிருந்தது. அழவில்லை என்று சொன்னால் பெருமையடிப்பது போல இருக்கும். அழுதேன். கணவரும் என்னோடு உட்கார்ந்து அழுதார். நாம் ஈப்போவுக்குக் கூட்டிவந்திருக்கலாமே, எனக்குத் தோன்றவே இல்லையே என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் அவர் கையைப் பிடித்துத் தடுத்தேன்.

என் தங்கை இன்றுவரை அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவர் வீட்டில் இருந்தால் வாசற்படி ஏற மாட்டாள். கல்யாணம், கருமாதி என்று எங்கேயாவது எதிர்ப்பட்டால், சாகக் கிடந்தவளுக்கு ஒரு மூலை தராத மனுஷன் என்று அவர் காதில் படாமல் மற்றவர்களிடம் சொல்வாள். என்னிடம் மட்டும் பாசமாக இருப்பாள், இப்படிப்பட்டவனிடம் போய் மாட்டிக்கொண்டாயே அக்கா என்று என் கையைப் பிடித்துக்கொள்வாள். அவர் ஒவ்வொரு தீபாவளிக்கும் அவள் பிள்ளைகளுக்குத் துணி எடுத்து என் கையில் கொடுத்து அனுப்புகிறார். ஏனோ என்னைக் கண்டால் உன் தங்கைக்குப் பிடிக்கவில்லை, நான் என்ன தப்பு செய்தேன் என்று கேட்பார். அவள் குணமே அப்படித்தான் என்று சொல்லிவிட்டுத் துணியை மடித்துப் பையில் வைப்பேன்.