ரோஸ்மேரி வெட்டித் தந்த துணி

எங்கள் பனியன் கம்பெனியின் குழந்தைகள் காப்பகத்தில் ரோஸ்மேரி ஆயாவாக இருந்தார். சாத்தான்குளம் பக்கத்துக்காரர். பால் புட்டியில் சர்க்கரையை அள்ளிப் போட்டுப் பிள்ளை வாயில் வைப்பார். அது உறிஞ்சிக்கொண்டே தூங்கிவிடும். தையல் லைன் வரை அழுகைச் சத்தம் வராவிட்டால் நல்ல ஆயா. கம்பெனிக்கு அதற்குமேல் எதுவும் வேண்டாம்.

பனியன் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஆடிட் வருகிறதென்று ஒருநாள் பல் மருத்துவ முகாம் வைத்தார்கள். டாக்டரம்மா பதினாறு பிள்ளைகளின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். பதினோரு பேருக்கு முன்பல் கறுத்திருந்தது. "தூங்கறப்ப வாயில சர்க்கரைப் பால் நின்னா பல் அரிச்சுடும். முதல் பல் முளைச்சதுமே துடைச்சுவிடணும்" என்றார். போட்டோ எடுத்தார்கள். பிள்ளைகள் கையில் கொடுத்த பிரஷ்களை, அடுத்த ஆடிட்டுக்கு ஆகுமென்று பிடுங்கி பீரோவில் பூட்டினார்கள். இந்தக் கேவலத்தை நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் நின்றோம்.

ரோஸ்மேரி மட்டும் அழுதார். "எங் கையாலயே பதினோரு புள்ளைய பல்லக் கெடுத்துட்டனே."

மறுநாள் சர்க்கரை டப்பாவைத் தூக்கி வெளியே வைத்தார். கட்டிங்கில் கழித்த வெள்ளைத் துணியைக் கொதிக்க வைத்து, சின்னச் சின்னதாக வெட்டி, பால் குடித்ததும் ஒவ்வொரு வாயையும் துடைத்துவிட்டார். என் யாழினிக்கு அப்போது எட்டு மாதம். கீழே இரண்டே பல். அவளைத்தான் முதலில் மடியில் போட்டுக்கொண்டார்.

இனிப்புக்குப் பழகிய பிள்ளைகள் சும்மா இருக்குமா? காப்பகமே அலறியது. யாழினியின் குரல் கேட்டால் எனக்கு ஓவர்லாக் மெஷினில் கை ஓடாது. பீஸ் குவிந்தது, லைன் நின்றது. சூப்பர்வைசர் வேல்குமார் வந்தார்.

"ஏனுங்க அமராவதி, என்னாச்சுங்க?"

"அந்தக்கா பால்ல சக்கரையே போடறதில்லீங்க. புள்ள அழுதுட்டே கெடக்குதுங்க. வேற ஆயாவப் போடுங்க."

நான்தான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை ரோஸ்மேரியைத் தைத்த பனியன்களில் நூல் பிசிறு வெட்ட அனுப்பிவிட்டார்கள். போகும்போது என்னிடம் ஒரு கட்டுத் துணியைத் தந்தார். "எம்மா, ஒரு வாரந்தான் அழுவா. பொறவு பழகிருவா. நீயாவது தொடச்சி விடு." புது ஆயா சர்க்கரை போட்டாள். பிள்ளை தூங்கினாள். அந்தத் துணிகளால் நான் மெஷின் எண்ணெயைத் துடைத்தேன்.

இரண்டு வருடம் கழித்து மறுபடியும் முகாம். பீரோவிலிருந்து அதே பிரஷ்கள் வந்தன. டாக்டரம்மா யாழினியின் உதட்டைத் தூக்கினார். மேலே முன்பல் நான்கும் கறுத்த கட்டைகள்; ஈறில் சீழ். பிடுங்க வேண்டுமாம். போட்டோக்காரன் சிரிக்கச் சொன்னான். அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது.

பிசிறு வெட்டிக்கொண்டிருந்த கத்தரிக்கோலுடன் ரோஸ்மேரி ஓடி வந்தார். யாழினியின் வாயைப் பார்த்தார். என்மேல் துளிக்கூடச் சந்தேகமில்லாமல் கேட்டார்:

"எம்மா, நாந் தந்த துணி பத்தலையா? சொல்லிருந்தா இன்னும் வெட்டித் தந்திருப்பம்லா?"