விதானையார் கரடி

“…கீறின படம்தானே பிள்ளை. பென்சிலாலை கீறி, மை பூசி, ஆட்டிக் காட்டுறாங்கள். அதுக்குப்போய் ஒருத்தி கோவிச்சுக்கொண்டு சாப்பாட்டைத் தொடாமல் எழும்பிப் போனால் நான் என்ன செய்ய ஏலும்?” என்றார் அண்ணை. என் முகத்தைப் பார்க்காமல், கதிரைகளை மடக்கிச் சுவரில் சாத்திக்கொண்டே சொன்னார்.

 என் கையில் இருந்தது மேல்வீட்டு அக்காவின் காகிதத் தட்டு. நான் வைத்துக் கொடுத்த ரோல்ஸும் பற்றீஸும் அதில் அப்படியே கிடந்தன. அண்ணையின் மகளுக்குப் பிறந்தநாள் கொண்டாடி, வந்தவர்கள் அப்போதுதான் போய் முடிந்திருந்தார்கள். பலூன்கள்கூட இன்னும் இறக்கப்படவில்லை.

இத்தனை வருடம் கழித்து எழுதும்போதும் அந்தக் கோபம் ஆறவில்லை. ஆறத்தான் வேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை.

எண்பதுகளின் கடைசி அது. இலண்டன் இல்ஃபோர்ட்டில் ஒரு பழைய வரிசை வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தோம். அண்ணை, மச்சாள், அவர்களுடைய சின்ன மகள், ஊரிலிருந்து புதிதாக வந்து ஒட்டிக்கொண்ட நான். மேல்தளத்தில் ஜமெய்க்காவில் பிறந்த ஒரு கறுப்பினப் பெண் தன் மகளோடு இருந்தார். வாசல் கதவு இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான். உள்ளே வந்து படி ஏறினால் அவர்கள், நேரே நடந்தால் நாங்கள்.

நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அவருக்கும் அந்தச் சொல் பிடித்துப்போயிற்று. என் முதல் குளிர்காலத்தில் செருப்போடு பஸ்ஸுக்குப் போகப் புறப்பட்டவளைக் கையைப் பிடித்து நிறுத்தி, தன் பழைய பூட்ஸைக் கொண்டுவந்து படியில் இருத்திப் போட்டுவிட்டவர் அவர். என் அரைகுறை இங்கிலீசுக்கு எங்கள் ஆட்கள் சிரித்தபோது சிரிக்காத ஒரே ஆளும் அவர்தான். ஒருநாள் நான் கொடுத்த, உள்ளே கறி வைத்து மடித்துப் பொரித்த பற்றீஸைக் கடித்துப் பார்த்துவிட்டு, “இது எங்கள் ஊர்ச் சாமான், எப்போது களவெடுத்தீர்கள்?” என்று கேட்டார். இரண்டு பேரும் படியில் இருந்து சிரித்தோம். நல்ல வாய் அவருக்கு. “இந்த நாடு மழைக்கு மட்டும்தான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கும். வேறெதற்கும் கேட்குமென்று காத்திருக்காதே” என்பார். அந்த வசனத்தை அன்று தொடக்கம் நான் மனதில் வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமைப் பின்னேரங்களில் தொலைக்காட்சியில் ஒரு பழைய கார்ட்டூன் நிகழ்ச்சி போகும். அமெரிக்காவில் தொலைக்காட்சி புதிதாக வந்த நாட்களில் செய்ததாம். அதற்கும் முந்தி, சினிமாக் கொட்டகைகளில் பெரிய படத்துக்கு முன்னால் ஓட்டிய குட்டிக் கார்ட்டூன்களை எடுத்து, மூன்று நான்கைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். நடுவில் ஒட்டுப்போட மட்டும் கொஞ்சம் புதிதாக வரைந்திருந்தார்கள். கழுத்துப்பட்டி கட்டிய ஒரு கரடி திரையை விலக்கிக்கொண்டு வந்து மேசையில் இருக்கும். தன் பழைய கூட்டாளிகளான பூனையையும் எலியையும் தாரா வாத்தையும் பற்றி ஏதோ சொல்லும். உடனே அவர்களுடைய படம் ஓடத் தொடங்கும்.

அந்தக் கரடி என்ன சொல்கிறது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அண்ணை சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டுத் தானே எல்லாப் பாத்திரத்துக்கும் தமிழில் கதைப்பார். கரடிக்கு அவர் வைத்த பெயர் விதானையார். ஊரில் கிராமத்து அலுவல்களையும் பங்கீட்டுக் கூப்பன்களையும் பார்க்கும் அந்தப் பெரிய மனிதரைப்போலவே தொண்டையைச் செருமிக்கொண்டு, “எல்லாரும் வந்திட்டியளோ? கூப்பன் காட் கொண்டு வந்தனீங்களோ?” என்று தொடங்குவார். பூனை, தெருவுக்குக் கல் போடுவிக்கும் ஓவசியர். தான் வெட்டிய கிடங்கில் தானே விழுந்து எழும்பும்போதெல்லாம், “இந்தக் கிடங்கு கவுன்சிலின்ரை, என்ரை இல்லை” என்று சத்தியம் செய்யும். மச்சாள் குசினியிலிருந்து எட்டிப் பார்த்துச் சொல்லுவார்: “இந்த மனுசன் வேலை செய்யிற பெற்றோல் ஷெட்டிலை வாய் திறக்கிறது விலை சொல்ல மட்டும். மிச்சக் கதை முழுக்கக் கரடிக்குத்தான்.”

மேல்வீட்டு அக்காவின் மகளும் சனிக்கிழமைகளில் கீழே வந்துவிடுவாள். எங்கள் சின்னவளோடு ஒரே போர்வைக்குள் இருந்து பார்ப்பாள். ஒரு சொல் தமிழ் தெரியாது. ஆனால் அண்ணை குரலை மாற்ற மாற்ற விழுந்து விழுந்து சிரிப்பாள். கடைசியில் படி இறங்கி வரும்போதே “வந்திட்டியளோ” என்று விதானையார் குரலில் கேட்டுக்கொண்டு வரப் பழகிவிட்டாள். அதைக் கேட்டு அண்ணை பூரித்துப்போவார்.

நல்ல படங்கள் வந்தால் அண்ணை ஒரு வீடியோ கசெற்றில் பதிந்து வைப்பார். கசெற்றின் முதுகில் சின்னதாக ஒரு பிளாஸ்ரிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறொன்றைப் பதிய முடியாது. கசெற் நிரம்பியதும் மச்சாளின் கத்தியால் அந்தப் பல்லை உடைத்து, “இனி இதை ஆராலும் அழிக்க ஏலாது” என்றார்.

பிறந்தநாளுக்கு ஹவுன்ஸ்லோவிலிருந்தும் மோர்டனிலிருந்தும் சொந்தக்காரர் வந்திருந்தார்கள். எங்கள் கொண்டாட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு: பெரியவர்கள் நிம்மதியாகச் சாப்பிட, பிள்ளைகளைத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருத்திவிடுவது. அன்றைக்கு அண்ணை தன் கசெற்றைப் போட்டார். அறை நிறையச் சனம். அவருக்கு உசார் ஏறிவிட்டது. மேல்வீட்டு அக்கா மஞ்சள் சட்டை போட்டு, பரிசுப் பெட்டியோடு மகளைக் கூட்டிக்கொண்டு வந்து பின்னால் ஒரு கதிரையில் இருந்தார். மகள் முன்னால் பாய்ந்து எங்கள் சின்னவளுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தாள்.

முதல் இரண்டு படமும் நன்றாகத்தான் போயின. மூன்றாவதில் பூனையின் கப்பல் உடைந்து அது ஒரு தீவில் ஒதுங்கும். அந்தப் படத்தைப் பதிந்த சனிக்கிழமை எனக்கு வேலை. மேல்வீட்டுப் பிள்ளையும் அன்று வரவில்லை. அண்ணை பார்த்திருந்தார். பார்த்துவிட்டுத்தான் பல்லை உடைத்தார்.

தீவில் மனிதர்கள் இருந்தார்கள். மனிதர்கள் என்று நான் சொல்கிறேன், வரைந்தவன் அப்படி நினைக்கவில்லை. பூனைக்கும் எலிக்கும் மனித முகம் கொடுக்கத் தெரிந்தவன் அவன். மனிதருக்கு என்ன கொடுத்தான்? கரிக்கட்டி முகம். அந்த முகத்தில் பாதிக்கு உதடு. மூக்கில் வளையம், தலைமயிருக்குள் செருகிய எலும்பு. பூனையைப் பிடித்துப் பெரிய கிடாரத்தில் போட்டு, சுற்றி நின்று குதித்தார்கள். அண்ணை அவர்களுக்கும் குரல் கொடுத்தார். ஓவசியருக்கும் எலிக்கும் தமிழ் கொடுத்தவர் அவர்களுக்கு ஒரு பாசையும் கொடுக்கவில்லை. “ஊகா பூகா, ஊகா பூகா” என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தினார். அறையே சிரித்து உருண்டது.

எங்கள் பிள்ளைகளில் ஒன்று படத்தைப் பார்த்தது. திரும்பி மேல்வீட்டுப் பிள்ளையைப் பார்த்தது. பிறகு மறுபடியும் படத்தைப் பார்த்துச் சிரித்தது. அவள் சிரிப்பு நின்றுவிட்டது. அன்றைக்கென்று தாய் வடிவாகப் பின்னிவிட்டிருந்த தலையை மெல்லத் தொட்டுப் பார்த்தாள்.

அக்கா தட்டைக் கதிரையில் வைத்தார். மச்சாளிடம் போய், அழைத்ததற்கு நன்றி என்றார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படி ஏறினார். என்னைக் கடந்து போகும்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை. எப்போதும் ஏதாவது சொல்லுகிற மனுசி.

அதற்குத்தான் அண்ணை, கீறின படம் என்றார்.

“கீறின படமெண்டால் ஏன் அண்ணை அந்தப் பிள்ளை தலையைத் தடவிப் பாத்தது?” என்று கேட்டேன்.

“உனக்கு எல்லாத்திலும் ஒரு வியாக்கியானம். எங்களையோ கீறினவன்? அது அவையளை.” அவையள் என்று நான் எழுதிய இடத்தில் அவர் சொன்ன சொல்லை நான் இங்கே எழுத மாட்டேன். எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அந்தச் சொல் தெரியும். இலண்டனில் வந்திறங்கும்போது பெட்டியோடு சேர்த்து அதையும் கொண்டுவந்து இறக்கியவர்கள் நாங்கள்.

எனக்கு வாய் கட்டுக்கு நிற்கவில்லை. “போன மாசம் பெற்றோல் ஷெட்டிலை அந்தப் பெடியங்கள் உங்கட முகத்துக்கு நேரை என்னெண்டு கத்தினவங்கள்?”

அண்ணை கையில் இருந்த கதிரையை மடக்காமல் நின்றார்.

அது அவரே சொன்ன கதை. காசு கட்ட வந்த பெடியன்களுக்கு அவர் விலை சொல்லியிருக்கிறார். அவர் இங்கிலீசு கதைத்த விதத்தை நக்கலடித்து அவன்கள் குரங்குபோல் குதித்து ஏதோ கத்தியிருக்கிறான்கள். வரிசையில் நின்ற சனமும் சிரித்திருக்கிறது. அன்று வீட்டுக்கு வந்தவர் சப்பாத்தைக் கழற்றாமல் கட்டிலில் இருந்தார். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

“அதே சத்தம் அண்ணை. அங்கை வாங்கிக்கொண்டு வந்து, இங்கை உங்கட வீட்டுக்கு வந்த பிள்ளைக்குக் குடுத்தனீங்கள். உங்களைக் கீறேல்லை எண்டு ஆர் சொன்னது? அவன் பென்சிலை எடுத்தால் எனக்கும் உங்களுக்கும் மூக்கிலைதான் வளையம் போடுவான்.”

“கத்தாதை. மேலை கேக்கும்.”

“கேக்கட்டும். இதாவது கேக்கட்டும்.”

குசினியில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றது. “அவள் சொல்லுறதிலை என்ன பிழை?” என்றார் மச்சாள், உள்ளிருந்தபடியே. அண்ணையை எதிர்த்து அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

அண்ணை கதிரையைச் சுவரில் சாத்தினார். பிறகு பரிசுப் பெட்டிகளுக்கு நடுவே கிடந்த செலோரேப்பைத் தேடி எடுத்தார். டெக்கிலிருந்து கசெற்றை வெளியே எடுத்து, தானே உடைத்த பல்லின் ஓட்டையை இரண்டு முறை ஒட்டி மூடினார். ஒட்டி மூடினால் மறுபடி பதியலாம். நாடாவைத் தொடக்கத்துக்குச் சுற்றி, தொலைக்காட்சியில் என்ன போகிறதென்றுகூடப் பார்க்காமல் பதிகிற பட்டனை அழுத்தினார். ஒரு மனிதர் ரோசாச் செடியை எங்கே வெட்ட வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். விதானையார் இருந்த இடத்தில் அந்த மனிதர் பதியத் தொடங்கினார்.

“சரி. அழியுது. இனி ஒருத்தரும் பாக்க ஏலாது. முடிஞ்சுது.”

அதுதான் என்னை இன்னும் சுட்டது. “ஆருக்கு முடிஞ்சுது? அழிச்சது உங்களுக்கும் எனக்கும்தானே தெரியும். மேலை இருக்கிறவைக்கு முடிஞ்சுதோ? அந்தப் பிள்ளை வாற சனிக்கிழமை கீழை இறங்கி வருமோ?”  நான் விடவில்லை. “இந்த நாடு மழைக்கு மட்டும்தான் மன்னிப்புக் கேக்கும் எண்டு அக்கா சொல்லுறவ. நாங்கள் அதுக்குக்கூடக் கேக்கிறேல்லை அண்ணை.”

ரோசாச் செடிக்காரர் கத்தரிக்கோலைத் துடைத்தார். அண்ணை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குளியலறைத் தண்ணீர் மேலிருந்து ஒழுகுகிறது என்று முறைப்பாடு சொல்ல அண்ணை எத்தனையோ தரம் அந்தப் படி ஏறியிருக்கிறார். எப்போதும் இடுப்பில் கட்டிய சாரத்தோடும் வீட்டுச் செருப்போடும்தான். இப்போது அறைக்குள் போய்க் காற்சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். படியின் அடியில் உட்கார்ந்து, வேலைக்குப் போடும் கறுத்தச் சப்பாத்தை மாட்டி, இரண்டு நாடாவையும் இறுக்கிக் கட்டினார். ஏறிப் போய்க் கதவைத் தட்டினார். தட்டிவிட்டு ஒரு படி கீழே இறங்கி நின்றார்.