மணல் மூட்டை ஏற்றிய அமெரிக்க கார்

அமெரிக்க கார் என்று யாராவது பெருமை பேசினால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நேர் ரோட்டில் அதை அடித்துக்கொள்ள ஆள் இல்லைதான். வளைவில் பார்க்க வேண்டும் அதன் லட்சணத்தை.

எழுபதுகளின் கடைசியில் என் அண்ணன் மெட்ராஸில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். நான் பழவேற்காட்டு ஏரியில் தோணி ஓட்டிக்கொண்டிருந்தேன். அவனுடைய முதலாளியிடம் நீளமான பழைய அமெரிக்க கார் ஒன்று இருந்தது. சோழவரம் ரேஸில் அது ஜெயித்தால் ஷெட்டையே அண்ணன் பொறுப்பில் விடுவதாகச் சொல்லியிருந்தார். இனி ஏரித் தண்ணீரில் கால் வைக்க மாட்டேன் என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ரேஸுக்கு முதல் நாள் ஒத்திகைக்கு நானும் போயிருந்தேன். போட்டிக்கு நின்றது ஒரு குட்டி ஐரோப்பிய கார். நேர் ரோட்டில் எங்களுடையது அதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். வளைவு வந்ததும் கனத்த மூக்கு திரும்ப மாட்டேன் என்று அடம்பிடிக்கும், உடம்பு ஒரு பக்கம் சாயும். பிரேக்கை மிதித்து மிதித்தே டிரைவர் சோர்ந்துபோனார். குட்டியோ தரையோடு ஒட்டிக்கொண்டு உள்பக்கமாகவே திரும்பி முன்னால் போய்விடும்.

என் வாய் சும்மா இருந்ததா? பாய் விரித்த தோணி சாய்ந்தால், மணல் மூட்டைகளைக் காற்றடிக்கும் பக்கம் நகர்த்தி நிமிர்த்துவோம். முன்பக்கம் அமுங்கினால் பின்னால் தள்ளுவோம். அதையே இதற்கும் செய், டிக்கியில் நாலு மூட்டை போடு என்று அடித்துச் சொன்னேன். அண்ணன் யோசித்தான். முதலாளியிடம் கேட்டான். அவரும் தலையாட்டினார்.

மறுநாள் ரேஸில் கார் இரண்டு சுற்று எப்படியோ தாக்குப்பிடித்தது. மூன்றாவது சுற்றில், வளைவில், மூட்டைகள் மொத்தமாக வெளிப்பக்கம் சரிந்தன. தோணியில் என்றால் இழுத்துப்போட நாங்கள் இருப்போம். டிக்கிக்குள் எவன் இருக்கிறான்? இந்தச் சின்ன விஷயம் என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. பின்பக்கம் வீசிக்கொண்டு போய், கார் சுழன்று புதரில் செருகி நின்றது. டிரைவருக்கு ஒரு கீறல்கூட இல்லை, அதுவரைக்கும் புண்ணியம்.

எந்த முட்டாளின் யோசனை இது என்று முதலாளி எல்லார் முன்னாலும் கத்தினார். முந்தின நாள் தலையாட்டிய மகராசன்! அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் புதரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "நான்தான் சார்" என்றான் அண்ணன். அங்கேயே அவனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.

அடுத்த வாரம் என் தோணியிலேயே வலை இழுக்க வந்தான். பல மாதம் அதைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. ஒரு காலையில் எனக்குத்தான் பொறுக்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் உன் வேலை தப்பித்திருக்குமே, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அண்ணன் வலையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நான் இன்னாத்துக்குடா சொல்லணும்? நீ பக்கத்துலதானே நின்னுகினு இருந்தே."