பாடை போகாத வாசல்

“அவன் செத்தா பாடைகூட என் வாசல் வழியாப் போகக்கூடாது” என்று தண்டாயுதபாணி ஊர்க்கூட்டத்தில் சொன்னபோது, அந்த ‘அவன்’ கூட்டத்தின் கடைசியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உயிரோடுதான் உட்கார்ந்திருந்தான். கூடப்பிறந்த தம்பி சேனாதிபதி. பக்கத்தில் அவன் மனைவி வேலுத்தாய். பேசியவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வில்பட்டியில் அது ஐம்பத்தாறாம் வருஷம். டி.பி. என்றால் ஊரே ஒதுங்கிப் போகும். அதை அவள் பொறுத்துக்கொண்டாள். அண்ணன்காரர் தம்பியை வீட்டைவிட்டு இறக்கி, தோட்டத்துக் கடைசியில் இருந்த பூண்டுக் கொட்டகைக்குத் துரத்தி, நடுவில் முள்வேலியும் போட்டதைப் பொறுக்க முடியவில்லை. கொட்டகையிலிருந்து ஊருக்குள் வர ஒரே பாதைதான். அதுவும் அண்ணன் வாசல் வழியாகத்தான் போனது.

மறுநாள் வெள்ளனே காட்டோரத்துக் காளியம்மனிடம் போனாள். அதுவரை பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் தவிர சாமி பக்கம் எட்டிப் பார்க்காதவள். ஒரு காசைக் கல்லில் வைத்து அரிவாளால் இரண்டாக வெட்டி அம்மன் காலடியில் போட்டாள். “எம் புருசன் இருமுற இருமல் அந்த வீட்டுலயும் கேக்கணும்” என்றாள். எங்கள் பக்கத்தில் காசு வெட்டிப் போடுவது கோர்ட்டுக்குப் போவதைவிடப் பெரிய காரியம். வெட்டியவள் அதன்பிறகு எதிராளி வீட்டிலிருந்து தண்ணீர்கூட வாங்கக் கூடாது. வாங்கினால் சாபம் அவள் வீட்டுக்கே திரும்பிவிடும்.

கேஸ் என்ன ஆயிற்று என்று வக்கீலிடம் விசாரிக்கப் போகிறவளைப் போல வெள்ளிதோறும் போனாள். “மறந்துட்டியா? அந்த ஆளு நேத்துகூட நல்லாத்தான் மம்பட்டி பிடிச்சாரு” என்று அம்மனை வைவாள். வைது முடித்ததும் உடனே எழுந்துவிட மனம் வராது. புருஷன் இன்றைக்குக் கஞ்சி குடித்தார், சளியில் இரத்தம் குறைந்திருக்கிறது, கோடைக்கானலுக்கு ஊசி போடக் காட்டு வழியாகக் கூட்டிப்போனபோது வழியில் உட்கார்ந்துவிட்டார் என்று வீட்டுக் கதையெல்லாம் சொல்வாள். அவற்றைக் கேட்க அவளுக்கு வேறு ஆள் இல்லை.

ஊசி மட்டும் போதாது, பால் கொடுத்தால்தான் ஆள் தேறுவான் என்று கோடை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஊர்ப் பாலெல்லாம் விடியுமுன்னே கோடை ஓட்டல்களுக்குப் போய்விடும். வீட்டுக்கென்று பால் நிறுத்துகிற ஒரே வீடு வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது.

டாக்டர் சொன்னது எப்படியோ தண்டாயுதபாணியின் மனைவி கந்தம்மாளின் காதுக்கு எட்டியிருந்தது. ஒருநாள் காலை, புருஷன் காட்டுக்குப் போனபின் தூக்குச்சட்டியோடு வேலியருகே வந்து நின்றாள்.

“எடுத்துட்டுப் போங்கக்கா. ஒங்க வீட்டுப் பொருளு எனக்கு ஆகாது.”

“ஒனக்கு யாருடி கொண்டாந்தா? காசு வெட்டுனவ வயித்துக்கு நான் ஏன் பால் ஊத்துறேன்? இது எங் கொழுந்தனுக்கு.”

சட்டியை வேலியடியில் வைத்துவிட்டு அவள் போய்விட்டாள். வேலுத்தாய் அதை எடுத்து அப்படியே மண்ணில் கவிழ்த்தாள்.

கொட்டகைக்குள் நுழைந்ததும் சேனாதிபதி கேட்டான்: “கொட்டிட்டியா?” கோபமே இல்லாத குரல். “இல்ல, வாசம் வந்துச்சு. அதான் கேட்டேன்.”

அன்றைக்கு வெள்ளிக்கிழமை இல்லை. இருந்தும் கோயிலுக்கு ஓடினாள்.

“அந்தப் பாலை வாங்கப் போறேன். சாபம் திரும்புனா என் தலையில எறக்கு. அவரத் தொட்டே, ஒனக்கு வெளக்கு கெடையாது” என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு, “அந்த ஆளை நான் விட்டுட்டேன்னு மட்டும் நெனைக்காத. பாடை போகக்கூடாதுன்ன வாசல்ல எம் புருசன் நடக்கணும். அதப் பண்ணு” என்றாள்.

அடுத்த நாளிலிருந்து வேலியடியில் பால் வந்தது. அவள் வாங்கிக் காய்ச்சிக் கொடுத்தாள். ராத்திரி தனக்கு இருமல் வருகிறதா என்று காது கொடுத்துக் கிடந்தாள். வரவில்லை. அவனுக்கு இருந்ததும் மெல்ல மெல்லக் குறைந்தது.

ஐம்பத்தெட்டாம் வருஷத்துத் தைப்பூசத்துக்குப் பழனிக்குக் காவடி எடுப்பதாக அவள் நேர்ந்துகொண்டாள். புறப்படுகிற அன்று புருஷன் தோளில் காவடியை ஏற்றி, ஊர் ஆட்கள் கூடவர, அண்ணன் வாசலுக்கு நேராக வந்ததும், “இங்கன நில்லுங்க” என்றாள்.

காவடி வாசலில் நின்றால் வீட்டுக்காரர்தான் வந்து காலில் தண்ணீர் ஊற்ற வேண்டும். காவடி சுமப்பவன் அப்போது தம்பியும் இல்லை, நோயாளியும் இல்லை, முருகன். மறுத்தால் அவர் ஊரில் தலைகாட்ட முடியாது. ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. தண்டாயுதபாணி வெளியே வந்தார். கந்தம்மாள் நீட்டிய மஞ்சள் தண்ணீர்க் குடத்தை வாங்கிக் குனிந்தார். தம்பி முகத்தைப் பார்க்காமல் ஊற்றியதில் பாதித் தண்ணீர் தரையில் போயிற்று.

“நல்லா ஊத்துங்க மாமா” என்றாள் வேலுத்தாய். “இது பாடை இல்ல.”

அவர் நிமிரவில்லை. மறுபடியும் ஊற்றினார்.

பழனிக்குப் போய்த் திரும்பிய அடுத்த வெள்ளிக்கிழமையும் காளியம்மனுக்கு விளக்குப் போடப் போனாள். வெட்டிய காசு மண்ணில் பாதி புதைந்து கிடந்தது. அவள் அதைத் தொடவில்லை. கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். எழுந்தபோது, பழக்கம் விடாமல், அந்த ஆளை ஒரு வசவு வைதுவிட்டுத்தான் நடந்தாள்.