அழித்த ஃபைல்களும் அடுத்த தெரு வீடும்

நான்கு வருடங்களுக்கு முன், நவம்பர் கடைசி வாரத்தில் நடந்தது இது. செகந்திராபாத் பக்கம் சைனிக்புரியில் எங்கள் வீடு. கணவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்கிற வாரம் என்பதால் பரண் முதல் கட்டிலடி வரை எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டுச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். அதே வேகத்தில் கம்ப்யூட்டரையும் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். யாரும் சொல்லவில்லை, நானாகத் தேடிக்கொண்ட வினை.

இடம் போதவில்லை என்று அது பல நாளாக முனகிக்கொண்டிருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால், வாயில் நுழையாத பெயர்களோடு ஆயிரக்கணக்கில் ஃபைல்கள். பல வருடமாக யாரும் தொடாத சாமான் வீட்டில் எதற்கு என்பது என் கொள்கை. அழிக்க ஆரம்பித்தேன். சிலவற்றைத் தொட்டால் உங்களுக்கு அனுமதி இல்லை என்றது. என் வீட்டுக் கம்ப்யூட்டரில் எனக்கே அனுமதி இல்லையா? ரோஷம் வந்துவிட்டது. இன்டர்நெட்டில் வழி தேடி, அந்த அனுமதியை நானே எடுத்துக்கொண்டு, ஃபோல்டர் ஃபோல்டராக அழித்தேன். முடிந்ததும் கணவரைக் கூப்பிட்டு, எவ்வளவு இடம் காலி பாருங்கள் என்று காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அது எழுந்திருக்கவில்லை. நீலத்திரை, இரண்டு வரி ஆங்கிலம், அணைந்து மறுபடியும் நீலத்திரை. தானே சரிசெய்து பார்க்கிறேன் என்று அரை மணி நேரம் சுற்றிவிட்டு, சிஸ்டம் ஃபைல்கள் கெட்டுவிட்டன, ஒன்றும் செய்ய முடியவில்லை என்று கைவிரித்தது.

அதில் என்ன இருந்தது என்று சொன்னால்தான் என் பதற்றம் உங்களுக்குப் புரியும். எங்கள் தமிழ்த் திருச்சபையில் பிள்ளைகளுக்குத் தமிழ் கேட்டால் புரியும், வாசிக்க வராது. தமிழில் கேட்டால் தெலுங்கிலோ ஹிந்தியிலோ பதில் சொல்கிற பிள்ளைகள். அதனால் ஒவ்வொரு பாட்டையும் பெரியவர்களுக்குத் தமிழ் எழுத்திலும், பிள்ளைகளுக்குத் தெலுங்கு எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் நான் அடித்து வைப்பேன். பதினோரு வருட உழைப்பு. நூற்று அறுபது பாட்டு. அந்த வருட கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கான புதுப் பாட்டுகளும் பிள்ளைகள் பேச வேண்டிய வசனங்களும் அதில்தான் இருந்தன. இன்னும் ஒரு தாள்கூட அச்சாகவில்லை. சனிக்கிழமை ஒத்திகை. அன்று செவ்வாய்.

போனில் விசாரித்த இரண்டு பேரும், ஃபார்மேட் செய்துவிட்டால் புதுசு மாதிரி ஆகிவிடும் என்றார்கள். யாருக்கு வேண்டும் புதுசு? டப்பாவைத் தூக்கி ஆட்டோவில் வைத்துக்கொண்டு லோத்குண்டாவில் ஒரு சின்ன ரிப்பேர் கடைக்குப் போனேன். கடையை நடத்தியது முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு ஹைதராபாதிப் பெண். என் அரைகுறை ஹிந்தியில் எல்லாவற்றையும் ஒப்பித்தேன், நான் அழித்ததை மட்டும் விட்டுவிட்டு. அவர் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, யாரோ வேலை மெனக்கெட்டு அழித்திருக்கிறார்களே என்றார். நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். அவர் சிரிக்காமல் இருந்ததற்காக இன்றும் அவர்மேல் எனக்கு மரியாதை.

"ஃபார்மேட் நக்கோ ஆன்ட்டி" என்றார். வேண்டவே வேண்டாம் என்று அர்த்தம். பாட்டுகள் பத்திரமாக இருக்கின்றன, கம்ப்யூட்டர் எழுந்து நிற்பதற்கு வேண்டிய ஃபைல்கள்தான் போய்விட்டன என்று விளக்கினார். பாட்டுகளை ஒரு பென்டிரைவில் எடுத்துத் தன் கம்ப்யூட்டரில் திறந்தும் காட்டினார். திரை முழுக்கக் கோடும் புள்ளியும் கேள்விக்குறியும். நான் தமிழும் தெலுங்கும் அடிக்கப் பயன்படுத்தியது ஒரு பழைய மென்பொருள். அது இல்லாத கம்ப்யூட்டரில் என் பாட்டு யாருக்கும் புரியாது. அதிலும் பாதியை நான் அழித்திருந்தேன். சி.டி. எப்போதோ தொலைந்தது. விற்றவர் கடையும் இப்போது இல்லை.

ஒரு வழி இருக்கிறது என்றார் அந்தப் பெண். இதே கம்ப்யூட்டர், இதே மென்பொருள் போட்டது, கெடாமல் யாரிடமாவது இருந்தால், அதிலிருந்து நல்ல ஃபைல்களை எடுத்து இதில் வைத்துச் சரிசெய்துவிடலாமாம்.

அப்படி ஒன்று இருந்தது, அடுத்த தெருவிலேயே. எங்கள் பேட்டையில் பாதி வீட்டு சாமான் ராணுவ கேன்டீனில் வாங்கியதுதான். ஒரே வாரத்தில் ஒரே மாடலை எங்கள் வீட்டுக்காரரும் அந்த வீட்டுக்காரரும் சேர்ந்து போய் வாங்கினார்கள். ஒரே ஆள்தான் இரண்டு வீட்டிலும் மென்பொருளைப் போட்டுக் கொடுத்தார். ஆனால் அந்த வீட்டு அம்மாவிடம் போய் நிற்க எனக்கு முகம் இல்லை.

அவரும் எங்கள் சபைதான். என்னைவிட இளையவர், அக்கா என்று கூப்பிடுவார். அதற்கு இரண்டு வருடம் முன்பு, லோத்குண்டாவில் சில பிள்ளைகளுக்குத் தன் தங்கை வீட்டில் பாட்டு சொல்லிக்கொடுக்கப் போவதாகச் சொல்லி, என் பாட்டுகளைப் பென்டிரைவில் கேட்டார். கை மாறினால் தப்பும் தவறுமாக ஆகிவிடும், வேண்டியதைச் சொல், அச்செடுத்துத் தருகிறேன் என்றேன். தப்பு வரும் என்பதெல்லாம் சும்மா. எல்லோரிடமும் பாட்டு இருந்தால் என்னை யார் தேடுவார்கள் என்ற பயம். பாட்டு வேண்டுமென்றால் அக்காவைத்தான் கேட்க வேண்டும் என்று சபையில் சொல்வது எனக்கு அவ்வளவு இனித்தது. அதற்கப்புறம் அவர் என்னிடம் எதுவுமே கேட்டதில்லை. வணக்கம் சொல்வார், அவ்வளவுதான்.

மறுநாள் காலை போனேன். முறுக்கு மாவு பிசைந்த கையோடு கதவைத் திறந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கதவை அகலத் திறந்துவிட்டார்.

"எடுத்துக்கோங்கக்கா. எங்க வீட்டு கம்ப்யூட்டரை நான் என்ன பூட்டியா வெச்சிருக்கேன்?"

சுருக்கென்று தைத்தது. தைக்க வேண்டியதுதான்.

மதியம் அந்தக் கடைக்காரப் பெண் என் கம்ப்யூட்டரை எங்கள் வீட்டில் இறக்கிவைத்துவிட்டு, ஸ்கூட்டரில் அந்த அம்மா வீட்டுக்கு வந்தார். அவர் ஃபைல்களைத் தேடியபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் திரையில் ஒரு ஃபோல்டரைப் பார்த்தேன். அதன் பெயர் 'அக்கா பாட்டு'. திறக்கலாமா என்று கேட்டேன். அடுப்படியிலிருந்தே அந்த வீட்டு அம்மா தலையாட்டினார். உள்ளே நாற்பத்தேழு பாட்டுகள். சபையில் எல்லோருக்கும் நான் கொடுத்த தாள்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தமிழ், தெலுங்கு, ஆங்கிலம் என்று மூன்றிலும் அவர் ஒவ்வொரு எழுத்தாக அடித்தவை. ஒரு விரலால்தான் அடிக்க வரும், ஒரு பாட்டுக்கு இரண்டு நாள் ஆகும் என்றார் சாதாரணமாக. ஒரு நிமிடத்தில் பென்டிரைவில் போட்டுக் கொடுத்திருக்கக்கூடிய பாட்டுகள். எனக்குத் தலை நிமிரவில்லை.

ஃபைல்களை எடுத்துக்கொண்டு மூன்று பேருமாக என் வீட்டுக்கு வந்தோம். அந்தப் பெண் கறுப்புத் திரையில் ஏதோ கட்டளை அடித்தார். சதவீதம் ஏறியது. இருபதில் வந்து நின்றது. நின்றது நின்றதுதான். நான் ஜெபமே ஆரம்பித்துவிட்டேன். அது அப்படித்தான் நிற்கும், கையை வைக்காமல் இருங்கள் ஆன்ட்டி என்றார். ஒரு மணி நேரம் கழித்து நூறைத் தொட்டது. அணைத்துப் போட்டதும் நீலத்திரை வரவில்லை. பாட்டைத் திறந்தோம். தமிழ் தமிழாக, தெலுங்கு தெலுங்காக வந்து நின்றது. நான் அழுதுவிட்டேன், அதில் வெட்கம் என்ன.

அங்கேயே எல்லாப் பாட்டையும் ஒரு பென்டிரைவில் ஏற்றி அடுத்த தெரு அம்மாவின் கையில் வைத்தேன். மன்னிப்பு கேட்க வாய் வரவில்லை. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "புதுசும் இருக்காக்கா?" என்றார். எல்லாமே இருக்கு என்றேன். முதல் முறையாகச் சிரித்தார்.

சனிக்கிழமை ஒத்திகைக்கு லோத்குண்டாப் பிள்ளைகள் ஒன்பது பேரை அழைத்துக்கொண்டு வந்திருந்தார். எங்கள் பிள்ளைகளைவிட அவர்கள்தான் சத்தமாகப் பாடினார்கள்.

இப்போது அந்தப் பாட்டுகள் போலாரம் வரைக்கும் பல வீடுகளில் இருக்கின்றன, யார் யாரோ சேர்க்கிறார்கள், திருத்துகிறார்கள், சில ஞாயிறுகளில் என்னைக் கேட்காமலே அச்சாகி வந்துவிடுகின்றன. நாளைக்கு நானோ என் கம்ப்யூட்டரோ நின்றுபோனாலும் பிள்ளைகள் பாடிக்கொண்டுதான் இருப்பார்கள் என்ற நினைப்பு முன்பு எனக்குப் பயமாக இருந்தது, இன்று அதை நினைத்துத்தான் நிம்மதியாகத் தூங்குகிறேன்.