தொண்டையில் கசந்த கண் மருந்து

கோமதி அம்மனை நம்பியிருக்கிற எல்லோருக்கும், சங்கரன்கோவில் சண்முகத்தாய் சொல்லிக்கொள்வது. போன ஆடியில் என் கண் இரண்டும் போயிருக்க வேண்டியது.

நான் விசைத்தறி ஓட்டுகிறவள். நாலு தறி. ஒன்றில் நிற்கும்போதே கடைக்கண்ணால் மற்றதையும் பார்த்தாக வேண்டும். போன சித்திரையில் இடது பக்கத் தறியில் நூல் அறுந்து ஓடியது எனக்குத் தெரியவே இல்லை. சேலை பாழ். கண் டாக்டர் பார்த்துவிட்டு கிளாக்கோமா என்றார். கண்ணுக்குள் அழுத்தமாம். போன பார்வை வராது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று சொட்டு மருந்து கொடுத்தார். ரத்த அழுத்தத்துக்குத் தருகிற மாத்திரை வகைதானாம் அதுவும்.

"ஒனக்குத்தான் பிரஷரே கிடையாதே, பெறகு எதுக்கு பிரஷர் மருந்து?" என்றார் வீட்டுக்காரர். எனக்கும் அதே குழப்பம். ஆனாலும் விட்டுக்கொண்டேன். விட்டதும் தொண்டை கசக்கும்.

கோமதி அம்மன் கோவிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறியது. விரதம் இருந்து தினமும் கோவிலை நூற்றெட்டுச் சுற்று வருவதாக நேர்ந்துகொண்டேன். கசப்பு தொண்டையில் இறங்கினால் விரதம் முறிந்துவிடுமே! மருந்தை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். என்னைப் போல கிறுக்கச்சி உண்டா?

"தாயே, தறிய விட்டா எனக்கு வேற தொழில் தெரியாது" என்று அழுதுகொண்டே சுற்றினேன். மனம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. நடக்கும்போதே ஒரு கண்ணைப் பொத்திப் பார்ப்பேன். கோபுரம் தெரிகிறதா? தூண் தெரிகிறதா? மறுபடி அடுத்த கண். சுற்றுக்கணக்கே மறந்துபோகும்.

ஏழாம் நாள், இடது பக்கம் வந்த ஒரு அம்மாள் மேல் முட்டிவிட்டேன். அவர் கையைப் பிடித்து வந்த மகள் சத்தம் போட்டாள். "எங்கம்மைக்குத்தான் கண்ணு தெரியாது. ஒங்களுக்குமா தெரியல?"

"எனக்கும் எடப்பக்கம் தெரியாதும்மா. கிளாக்கோமா" என்றேன்.

அந்த அம்மாள் நின்றுவிட்டார். "சொட்டு மருந்து விடுதியா தாயி?"

"விரதம்லா, நிப்பாட்டிட்டேன்."

தடவித் தடவி என் கையைப் பிடித்தார். "எங்க ஊரு பனவடலிசத்திரத்துல நானும் இப்படித்தான் நிப்பாட்டுனேன். இப்ப அம்மன் மொகம் எப்படி இருக்கும்னு இவகிட்ட கேக்கேன். இன்னைக்கே போயி டாக்டரப் பாரு."

சுற்றைப் பாதியில் விட்டு டாக்டரிடம் ஓடினேன். அழுத்தம் மறுபடி ஏறியிருந்தது. டாக்டர் நன்றாகத் திட்டினார். "ஒடம்புப் பிரஷர் வேற, கண்ணுப் பிரஷர் வேறம்மா. சொட்டு விட்டதும் மூக்கோரம் கண் மூலைய ரெண்டு நிமிசம் அழுத்திப் பிடிங்க, தொண்டைக்கு எறங்காது." இவ்வளவுதான் விஷயம்! நான் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார்.

அழுத்தம் இறங்கியது. இப்போது இரண்டு தறி ஓட்டுகிறேன். பயம் முழுசாகப் போகவில்லை. இன்றும் தூணைக் கண்டால் ஒரு கண்ணைப் பொத்துகிறேன். இந்த ஆடிக்கும் விரதம் உண்டு, சொட்டும் உண்டு. கண் மூலையை அழுத்திக்கொண்டு தாயின் பெயரைச் சொல்லுவேன்.

நான் பார்க்க முடியாத பக்கத்தில்தான் அந்த அம்மாளைக் கொண்டுவந்து நிறுத்தினாள் கோமதி. நீங்களும் அவளிடம் கேளுங்கள், தருவாள். மருந்தைப் பூட்டி வைத்துவிட்டு மட்டும் கேட்காதீர்கள்.