கதிரவெளியில் ஆறு சனிக்கிழமைகள்

எங்கள் பாடசாலையின் மாணவர் சேவைக் கழகத்துக்கு என்னைத் தலைவியாகத் தெரிவுசெய்தபோது நான் உயர்தரம் முதலாம் வருடத்தில் இருந்தேன். எனக்கு மேடையில் பேச வரும், அதற்காகத்தான் என்னைத் தெரிவுசெய்தார்கள். மற்றபடி அதுவரை யாருக்கும் எந்தச் சேவையும் நான் செய்ததில்லை. வீட்டில் நான் சாப்பிட்ட கோப்பையைக்கூட அம்மாதான் கழுவுவார்.

எனக்கு முன்பிருந்த தலைவிகள் இரத்ததான முகாம் வைத்திருந்தார்கள், கல்லடிக் கடற்கரையில் போத்தல் பொறுக்கியிருந்தார்கள். நான் அவர்களை விடப் பெரிதாக ஏதாவது செய்ய வேண்டுமென்று நினைத்தேன். எங்கள் முதற்கூட்டத்துக்கு வந்த, கழகங்களின் மாவட்ட இணைப்பாளர் வழி காட்டினார்.

"தூரத்து ஊர் ஒண்டப் பிடிங்க புள்ளையள். தொடர் செயற்றிட்டம் எண்டு போடுங்க. அதுக்குத்தான் விருதுக்குப் புள்ளி கூட."

அப்படித்தான் கதிரவெளி வந்தது. எங்கள் பொறுப்பாசிரியைக்குத் தெரிந்த ஒருவர் அந்தப் பக்கத்துச் சிறிய பாடசாலை ஒன்றில் அதிபராக இருந்தார். கொரோனாவில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்த காலத்தில் வீட்டில் போன் இல்லாத பிள்ளைகள் எல்லாவற்றையும் மறந்துவிட்டார்கள், எட்டாம் ஆண்டில் கூட எழுத்துத் தெரியாத பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று அவர் சொன்னாராம். சனிக்கிழமைகளில் வந்து வாசிக்கப் பழக்குகிறோம் என்று மிஸ் வாக்குக் கொடுத்தார். எத்தனை சனிக்கிழமை என்று அவரும் கேட்கவில்லை, மிஸ்ஸும் சொல்லவில்லை.

விடியற்காலையில் வான் பிடித்து, வாழைச்சேனை தாண்டி, பனிச்சங்கேணிப் பாலம் தாண்டி, பாட்டுப் பாடிக்கொண்டே போனோம். நீல நிற ரீசேர்ட், நெஞ்சில் கழகத்தின் சின்னம். இறங்கியதும் முதல் வேலையாகப் பதாகையைக் கட்டினோம். பிள்ளைகளை அதற்கு முன்னால் வரிசையாக உட்கார வைத்துப் படம் எடுத்தோம். அவர்கள் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்ததால் செயலாளர் மூன்று தடவை திருப்பி எடுத்தாள்.

ஆளுக்கு ஐந்து பிள்ளைகள். என்னிடம் வந்த ஐந்து பேரில் நாலு பேர் சின்னவர்கள். ஐந்தாவது ஒரு பதின்மூன்று வயதுப் பெண். எட்டாம் ஆண்டு. மற்றப் பெரிய பிள்ளைகள் சின்னவர்களோடு இருக்க வெட்கப்பட்டு ஓடிவிட்டார்கள். அவள் மட்டும் முழங்காலை மடித்து அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள்.

"எத்தன நாளில வாசிக்கலாம் அக்கா?" என்பதுதான் அவள் என்னிடம் கேட்ட முதற் கேள்வி.

எதற்கு இவ்வளவு அவசரம் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அவளுடைய தாய் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தார். தகப்பன் அவள் குழந்தையாக இருந்தபோதே போய்விட்டார். அவளைச் சின்னம்மா வளர்த்தார். வேலை செய்யும் வீட்டில் போன் பேச விடமாட்டார்கள். அதனால் தாய், களவாக நேரம் கிடைக்கும்போது வட்ஸ்அப்பில் எழுதி அனுப்புவார். அது சின்னம்மாவின் போனுக்கு வரும். சின்னம்மா வாசித்துச் சொல்வார்.

"போனில பாத்தா எழுத்து நிறையக் கிடக்கு அக்கா. இந்தளவு," என்று கையால் ஒரு முழம் காட்டினாள். "சின்னம்மா சொல்லுறது ரெண்டு வார்த்த. சுகமா இரிக்காவாம், உன்னப் படிக்கட்டாம். எப்ப கேட்டாலும் அதுதான்."

இப்படி ஒரு காரணத்தோடு எழுத்துப் படித்த பிள்ளையை நான் பிறகு கண்டதில்லை. மற்றவர்கள் ஒரு கிழமையில் படித்ததை மறுகிழமை மறந்துவிட்டு வருவார்கள். அவள் கொப்பி முழுக்க எழுதிக்கொண்டு வருவாள். கை, கால், படகு, வலை. நாலாவது சனிக்கிழமை, கரையில் ஏற்றிவைத்திருந்த தோணிகளின் பெயர்களையெல்லாம் வாசித்துவிட்டதாகச் சொன்னாள். ஒரு தோணியின் பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறது என்றும் சொன்னாள். நான் போய்ப் பார்த்தேன். பிழைதான். அன்று எனக்கு வந்த சந்தோசம் உண்மையானது. அதையாவது நம்பச் சொல்லி என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

ஆறாவது சனிக்கிழமை அவள் பிந்தி வந்தாள். சட்டைக்குள் மறைத்து ஒரு போன் கொண்டுவந்திருந்தாள். சின்னம்மா வாகரை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார், போனை மறந்து விட்டுவிட்டு. வகுப்பறைக்குப் பின்னால் என்னை இழுத்துக்கொண்டு போனாள். தானே வாசிக்கப் போவதாகச் சொல்லி விரலை வைத்து எழுத்துக் கூட்டினாள். "த... தங்... தங்கச்சி." அதற்கே நேரம் பிடித்தது. சின்னம்மா வந்துவிடுவாரோ என்ற பயத்தில் அவளுக்கு வியர்த்தது.

"ஏலாமக் கிடக்கு. நீங்களே வாசியுங்க அக்கா. கெதியா."

வாங்கிப் பார்த்தேன். அதில் எழுதியிருந்தது இன்றும் எனக்கு மனப்பாடம்.

"தங்கச்சி, கை சுட்டது இன்னும் ஆறல்ல. டொக்டரிட்டக் கூட்டிப் போறாங்க இல்ல. பாஸ்போட்ட அவங்க எடுத்து வச்சிருக்காங்க. ஊருக்குப் போகணும் எண்டு கேட்டா அடிக்கிறாங்க. ஆரிட்டயாவது சொல்லி என்னக் கூப்பிடப் பாரு. பிள்ளைக்கு மட்டும் சொல்லிராத. அவள் தாங்கமாட்டாள்."

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா சுகமா இரிக்காவாம்," என்றேன். "உன்ன நல்லாப் படிக்கட்டாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

போனைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். திரையில் மெல்ல விரலை நகர்த்தி ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"இது கை தானே அக்கா? நீங்க பழக்கின கை. அம்மா ஏன் கை எண்டு எழுதியிரிக்கா?"

எனக்கு அப்போது பதினேழு வயது. மேடையில் எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் அந்த இடத்திலேயே பேசக்கூடியவள் என்று பெயர் வாங்கியிருந்தேன்.

"கை கழுவிப்போட்டுச் சாப்பிடட்டாம்," என்றேன்.

அவள் கலகலவென்று சிரித்தாள். "எனக்குக் கை கழுவத் தெரியாதெண்டு நினைச்சிட்டா போல," என்றாள். எழுத்துக் கூட்டி ஒரு சொல்லைத் தானே கண்டுபிடித்த சந்தோசம் அவள் முகத்தில் இருந்தது. அடுத்த கிழமை வாருங்கள், முழுவதையும் நானே வாசித்துக் காட்டுகிறேன் என்றாள். வருகிறேன் என்றேன்.

திரும்பும் வழியில் மிஸ்ஸுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்டவர் அல்ல. கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவருக்குக் கண் கலங்கியது. ஆனால் சொன்னது இதுதான்:

"பாவம்தான். ஆனா அது அவங்கட குடும்ப விசயம் புள்ள. நாம தலையிட்டா ஸ்கூலுக்குத்தான் பிரச்சின வரும். அதுக்கெண்டு வெளிநாட்டு வேலைவாய்ப்புக் கந்தோர் இரிக்கு, அவங்க பாப்பாங்க."

"கந்தோருக்கு ஆரு மிஸ் சொல்லுற?"

"தங்கச்சிக்காரி சொல்லியிருப்பாதானே."

அந்தப் பதில் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை மறைத்துவிட்டு மற்றதையெல்லாம் எழுதுவதில் பயனில்லை. யாரோ சொல்லியிருப்பார்கள், யாரோ பார்ப்பார்கள். பனிச்சங்கேணிப் பாலம் வருவதற்குள் நான் மற்றவர்களோடு சேர்ந்து பாடத் தொடங்கிவிட்டேன்.

அடுத்த கிழமை பெற்றோல் இல்லை. நாடு முழுக்க வரிசைகள். வான்காரர் வர முடியாது என்றார். அதற்கடுத்த கிழமையும் அதே கதை. பிறகு எங்களுக்குப் பரீட்சை. அது முடிய ஆண்டறிக்கை எழுத வேண்டியிருந்தது. அறிக்கையை நான்தான் எழுதினேன். 'எழுத்தே தெரியாதிருந்த ஒரு சிறுமி இன்று தன் தாயின் செய்திகளைத் தானே வாசிக்கிறாள்' என்று அதில் ஒரு வசனம் இருந்தது. அதற்குக் கீழே, பதாகைக்கு முன்னால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவள் இருக்கும் படத்தைப் போட்டோம்.

மாவட்டத்தில் சிறந்த தொடர் செயற்றிட்டம் என்று எங்களுக்கு விருது கிடைத்தது. அந்த வசனத்தை மேடையில் இணைப்பாளர் வாசித்தபோது மண்டபம் கைதட்டியது. நான் எழுந்து கும்பிட்டேன். அன்றே தலைவிக்குரிய பதக்கச் சங்கிலியைக் கழற்றி அடுத்தவளின் கழுத்தில் போட்டேன். கதிரவெளியை நீங்கள் தொடருவீர்களா என்று அவளைக் கேட்டேன். பழைய திட்டத்துக்குப் புள்ளி இல்லையாம் அக்கா, நாங்கள் மரம் நடப் போகிறோம் என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

மூன்று வருடத்துக்குப் பிறகு, பல்கலைக்கழகம் விடுமுறை விட்ட ஒரு நாளில், தனியாக பஸ் ஏறிக் கதிரவெளிக்குப் போனேன். ஏன் அன்று போனேன் என்று தெரியவில்லை. அதற்கு முதல் நாள் வகுப்பில் யாரோ தலைமைத்துவம் பற்றிப் பேசச் சொன்னார்கள், எனக்குப் பேச வரவில்லை. அதுவாக இருக்கலாம்.

பாடசாலையில் கேட்டுச் சின்னம்மாவின் வீட்டைக் கண்டுபிடித்தேன். முற்றத்தில் பாயை விரித்துக் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தார். மெலிந்த, அமைதியான பெண். நான் யாரென்று சொன்னதும் கை துடைத்துக்கொண்டு எழுந்து கதிரை எடுத்துப் போட்டார்.

"நீல ரீசேர்ட்டுப் புள்ளையா? ஓம், ஓம். அவள் இஞ்ச இல்ல மகள். கொழும்புப் பக்கம் காமண்ட்ஸில தைக்கப் போயிற்றாள்."

பள்ளிக்கூடத்தை எப்போதோ விட்டுவிட்டாளாம். நாங்கள் வராமல் நின்ற பிறகும் அவள் கொப்பியை விடவில்லை. தானாகவே எழுத்துக் கூட்டிக் கூட்டி ஒரு வருடத்துக்குள் வாசிக்கப் பிடித்துவிட்டாள். ஒரு நாள் சின்னம்மா குளிக்கப் போன நேரம் போனை எடுத்து, பழைய செய்திகளை முதலில் இருந்து வாசித்திருக்கிறாள்.

"வந்து பாக்கிறன், சுவரோட சாஞ்சு இரிக்காள். அழவும் இல்ல. ஏன் சொல்லல்ல எண்டு ஒருக்காத்தான் கேட்டாள். கொம்மாதான் சொல்ல வேணாம் எண்டவ எண்டன். அதுக்குப் பிறகு என்னோட பெரிசாக் கதைக்கிறல்ல."

"அம்மா?"

"மெசேஜ் வந்து ஒரு வருசத்துக்கு மேல. போன் வேல செய்யிறல்ல. இரிக்காவா இல்லையா எண்டும் தெரியா."

கந்தோருக்குச் சொன்னீர்களா என்று கேட்டேன். சின்னம்மா உள்ளே போய், பொலித்தீன் பையொன்றில் சுற்றி வைத்திருந்த ஒரு கடிதத்தை எடுத்து வந்தார். நாங்கள் வந்துபோன காலத்திலேயே முறைப்பாடு கொடுத்தாராம். அதற்குக் கொழும்பிலிருந்து வந்த பதிலாம். முழுக்கச் சிங்களத்தில் இருந்தது. ஊரில் அதை வாசிக்க ஆளில்லை.

"டவுன் புள்ளையள் வருவாங்க, படிச்ச புள்ளையள், அவங்களிட்டக் காட்டுவம் எண்டு நினைச்சன் மகள். கடிதத்தக் கொண்டு சனிக்கிழம பள்ளிக்குடத்து வாசலில வந்து நிண்டன். அடுத்த சனிக்கிழமையும் வந்தன். அவளும் கொப்பியோட பக்கத்தில நிண்டாள்."

அவர் என்னைக் குற்றம் சாட்டவில்லை. மழை பெய்யவில்லை என்று சொல்வதைப் போலச் சொன்னார். தேத்தண்ணி போட்டுத் தந்தார்.

கடிதத்தைப் படம் எடுத்து, என்னோடு படிக்கும் ஒரு சிங்களத் தோழிக்கு அனுப்பினேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவளிடமிருந்து பதில் வந்தது. கடவுச்சீட்டின் பிரதியையும் வேலைக்கு அனுப்பிய முகவரின் விபரத்தையும் ஒரு மாதத்துக்குள் அனுப்பினால் அந்த வீட்டாரைத் தொடர்புகொள்ள முடியும், அனுப்பாவிட்டால் முறைப்பாட்டுக் கோவை மூடப்படும் என்று எழுதியிருந்ததாம். எங்கள் கழகத்தில் நாற்பது பேர் இருந்தோம். சிங்களத்தில் பேச்சுப் போட்டிக்குப் போன இரண்டு பேர் அந்த வானிலேயே வந்தார்கள்.

அவளுடைய இலக்கத்தைச் சின்னம்மா தந்திருந்தார். இரண்டு நாள் யோசித்துவிட்டு மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவளுக்குப் போன் எடுத்தேன். குரல் பெரியவளின் குரலாக மாறியிருந்தது.

"சொல்லுங்க அக்கா," என்றாள். ஆச்சரியப்படவில்லை. சின்னம்மா சொல்லியிருப்பார்.

நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் கலைந்துபோனது. அன்றைக்கு உனக்குப் பொய் சொன்னேன், என்னை மன்னித்துக்கொள் என்று மட்டும் சொன்னேன்.

"தெரியும் அக்கா. பிறகு வாசிச்சன்தானே."

பின்னால் பெண்கள் பேசும் சத்தமும் கோப்பைகள் மோதும் சத்தமும் கேட்டன.

"ஏன் பிறகு வரல்ல?" என்று கேட்டாள்.

"அப்ப பெற்றோல் இல்லாமப் போச்சு..."

"அது பிறகு வந்ததுதானே."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"சுப்பவைசர் வாறா அக்கா. வைக்கட்டா?" என்றாள். கோபமில்லாத, யாரோ ஒருவரிடம் பேசும் மரியாதையான குரல். ஓம் என்றேன். அதற்குப் பிறகு நான் எடுத்தபோதெல்லாம் மணி அடித்து ஓய்ந்தது.

சின்னம்மாவோடு கந்தோருக்குப் போய்ப் புதிதாக ஒரு முறைப்பாடு எழுதிக் கொடுத்தேன். சிங்களத்திலும் தமிழிலும். அங்கிருந்த உத்தியோகத்தர் பழைய கடிதத்தின் திகதியைப் பார்த்துவிட்டு, இவ்வளவு நாளும் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். சின்னம்மா நிலத்தைப் பார்த்தார். நானும் நிலத்தைப் பார்த்தேன். வேலைக்கு அனுப்பிய முகவர் கடையைப் பூட்டிவிட்டுப் போய்விட்டாராம். முயற்சி செய்து பார்க்கிறோம் என்றார்கள்.

மாதத்துக்கு ஒரு தடவை சின்னம்மாவுக்கு எடுத்துக் கேட்பேன். நேற்றும் எடுத்தேன். ஒன்றும் வரவில்லை என்றார். பிறகு, குரலைத் தாழ்த்தி, எனக்கு வலிக்கக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் சொல்வதைப் போல, "இனி நீங்க எடுத்துக் கேக்க வேணாம் மகள். ஏதும் வந்தா நானே சொல்லுறன்," என்றார்.